பைப் ஆர்கனுக்குள்ள இருக்கிற தோல்

சாயங்காலம் ஷூ கம்பெனி வேன் ஒடுகத்தூர்ல ஆளுங்களை இறக்கிவிட்டுட்டுப் போச்சு.
எல்லாம் தோல் பழகின கைங்க.

உடனே சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்தான் ஞாபகம் வந்துச்சு.
அங்க இருக்கிற பைப் ஆர்கன், இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டு பீட்டர் கொனாக்கர் கம்பெனி செஞ்சது. 1883ல வச்சாங்க.

நம்ம கண்ணுல படுறது குழாய்ங்க மட்டும்தான்.
ஆனா அது மூச்சு விடுறதே தோலாலதான்!

துருத்தியோட மடிப்பு, மூலை எல்லாத்துலயும் மெல்லிசா ஆட்டுத்தோல் ஒட்டியிருப்பாங்க.
கட்டையை அழுத்தினா உள்ள ஒரு சின்னக் கதவு திறந்து குழாய்க்குக் காத்து போகும்.
கையை எடுத்தா மூடிக்கணும், துளிக் காத்து கசியக்கூடாது.
அந்தக் கதவுக்கும் தோல்தான் மெத்தை.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய் நூறு வருஷம் தாண்டியும் நிக்கும்.
தோல் நிக்காது. காஞ்சு வெடிக்கும். பிரிச்சு, புதுத் தோலோட ஓரத்தை மெல்லிசா சீவி, அதாவது ஸ்கைவிங் பண்ணி, மறுபடி ஒட்டணும்.

ஸ்கைவிங்! இங்க தெருவுக்கு நாலு பேருக்குத் தெரிஞ்ச வேலை அது.

ஆம்பூர் பக்கம் ஒரு பத்துப் பேருக்கு இந்த ஆர்கன் வேலையைக் கத்துக்கொடுக்க யாராவது வருவாங்களா?