சட்டைப் பையில் மடித்து வைத்த தாள்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் விளையாட்டுக்கான கணிப்பொறியைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது மட்டுமே. ஆயினும் நான் இரண்டு முறை கணிப்பொறி வாங்கியவன். முதல் முறை ஏமாந்தவன். அந்த ஏமாற்றத்தில் கடைக்காரரின் பங்கைக் காட்டிலும் என் பங்கே பெரிது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் இன்றோ நாளையோ 'கேமிங் பி.சி. வேண்டும்' என்று உங்கள் முன் வந்து நிற்பான். அவனுக்கு விடை சொல்லுமுன் என் அனுபவத்தைச் சற்றுக் கேளுங்கள்.

சீட்டுப் பணம் போன வழி

கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த 2021-ஆம் ஆண்டு அது. என் மூத்த மகனுக்கு அப்போது 15 வயது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கைபேசி. பாட நேரத்தில் அவனுக்கும் அவன் தங்கைக்கும் அதற்காக நாள்தோறும் இழுபறி. கணிப்பொறி ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். பாடம் முடிந்த பின் விளையாடவும் அது உதவ வேண்டும் என்பது மகனின் ஆசை. என் துணைவியார் இரண்டு ஆண்டுகளாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம் 40,000 ரூபாயை என் கையில் கொடுத்தார்.

மகன் தனக்குத் தெரிந்தவரை பாகங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தந்தான். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்து நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே கண்ணாடிப் பக்கமும், நிறம் மாறி மாறி ஒளிரும் நான்கு விசிறிகளும் கொண்ட பெட்டி ஒன்று கண்ணைப் பறித்தது. "கேமிங் பேக்கேஜ், மானிட்டரோடு சேர்த்து நாற்பதாயிரம்தான் பாய்" என்றார் கடைக்காரர். என் மகன் என் காதருகே, "வாப்பா, உள்ளே என்ன பிராசஸர், என்ன எஸ்.எம்.பி.எஸ். என்று கேளுங்கள்" என்றான். "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அவனை அடக்கினேன். சட்டைப் பையிலிருந்த தாளை நான் வெளியே எடுக்கவேயில்லை.

அந்த அழகிய பெட்டிக்குள் இருந்தது என்ன என்பது பின்னரே தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முந்திய, வேறெங்கோ உழைத்துக் களைத்த பிராசஸர்; '4 ஜி.பி.' என்ற எண்ணைத் தவிர வேறு பெருமை இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு. கையில் எடுத்தால் காலி டப்பாவைப் போல் எடையற்ற எஸ்.எம்.பி.எஸ். ஏழாம் மாதத்தில் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு, போன மின்சாரம் திரும்பி வந்தபோது 'பட்' என்று ஓர் ஓசை, கருகிய நாற்றம். எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகவில்லை. மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போயிற்று. எங்களிடம் இருந்ததோ முறையான பில் அன்று, ஒரு துண்டுச் சீட்டு. கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

என் மகன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நான் அன்றே சொன்னேனே" என்று அவன் கேட்டிருந்தால், கோபித்துக்கொண்டாவது என் மனத்தை ஆற்றியிருப்பேன். துணைவியாரும் சீட்டுப் பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மானிட்டரும் விசைப்பலகையும் மௌஸும் மட்டும் துணி போர்த்தப்பட்டு வீட்டின் மூலையில் இருந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் பார்வை தாழ்ந்தது.

இரண்டாம் தாள்

2023-ஆம் ஆண்டு மகன் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்தான். ரமலான் மாதக் கூட்டத்திலும் அதன் பின்னும் தன் மாமாவின் துணிக்கடையில் வேலை செய்தான். அந்தச் சம்பளமும், சிறு வயது முதல் சேர்த்து வைத்த பெருநாள் காசுமாக அவனிடம் 20,000 ரூபாய் இருந்தது. மீதி 30,000 ரூபாயை நான் தருவதாகச் சொன்னேன். அவன் மீண்டும் ஒரு தாளை நீட்டினான். "இந்தத் தடவை படித்துப் பாருங்கள், வாப்பா" என்றான். குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது. "அன்று உன் பேச்சைக் கேட்காதது என் தவறுதான், தம்பி" என்று சொன்னேன். பிள்ளையிடம் அப்படிச் சொல்வது அவ்வளவு எளிதன்று, வாசகர்களே! ஆனால் சொல்லிய பின் நெஞ்சு இலேசாயிற்று.

நான்கு நாள் இஷாவுக்குப் பிறகு அவன் எனக்குப் பாடம் நடத்தினான். அலிஃப், பா பயிலும் சிறுவனைப் போல நான் கேட்டேன். அவன் கற்பித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் திரையில் விளையாடப் போகிறோம் என்பது. எங்கள் பழைய மானிட்டர் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்டது. மொத்தம் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். '4கே' என்று விற்கும் திரையில் இதைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள். அத்தனையையும் நிரப்புவதற்கு நான்கு மடங்கு உழைப்பு வேண்டாமா? திரை சிறிதாயின் கார்டின் செலவும் சிறிது.

வினாடிக்கு 60 படங்கள் தொடர்ந்து வந்தால் விளையாட்டு தடையின்றி ஓடும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் வினாடியின் 60-இல் ஒரு பங்கு. அதற்குள் பிராசஸர் கணக்கை முடிக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு படத்தை வரைய வேண்டும். இருவரில் மெதுவானவர் எவரோ அவர் வேகமே மொத்த வேகம். நிக்காஹ் வீட்டில் சோறு வெந்து கறி வேகவில்லையென்றால் சஹன் பந்திக்குப் போகாது அல்லவா? அதுபோலத்தான். ஆகவே ஒரு பாகத்தை மட்டும் உயர்ந்ததாக வாங்குவது வீண் விரயம்.

விளையாட்டுக்கான கணிப்பொறியில் பெரும்பங்கு பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கே போக வேண்டும். அவன் தேர்ந்தது ஆர்.எக்ஸ். 6600. 2021-இல் வெளிவந்தது, 8 ஜி.பி. நினைவகம் கொண்டது. எங்களுக்கு 20,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதைவிடக் குறைந்த விலையில் பழைய கார்டுகளும் சந்தையில் குவிந்து கிடந்தன. 'எத்தீரியம்' என்ற மின்பணத்தைக் கார்டுகள் கொண்டு ஈட்டும் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பின்னர் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் வாரண்டி இல்லாத பொருளில் ஒருமுறை சூடுபட்ட வீடு எங்களுடையது.

பிராசஸரில்தான் அவன் தன் ஆசையை விட்டுக் கொடுத்தான். முதலில் எழுதியிருந்தது ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600. கணக்கு 50,000 ரூபாயைத் தாண்டியது. அதை அடித்துவிட்டு நான்கு கோர் கொண்ட ஐ3 12100எஃப் என்று எழுதினான். 8,500 ரூபாய். குளிர்விக்கும் விசிறியும் அதனுடனேயே வந்தது. "60 படத்துக்கு இது போதும், வாப்பா. பின்னால் பணம் இருந்தால் இதே மதர்போர்டில் ஐ5 போட்டுக்கொள்ளலாம்" என்றான். பெயரின் இறுதியில் வரும் 'எஃப்' என்ற எழுத்தை மறந்துவிடாதீர்கள். தானாகத் திரையில் படம் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது அதன் பொருள். கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கு, படம் காட்டும் திறனையும் உள்ளடக்கிய ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்கள் உண்டு. எளிய விளையாட்டுகளை அவை தாங்கும்.

ராம் 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி.யாக இரண்டு வாங்கினோம். ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல் வழியே தகவல் போய் வருவதால் வேகம் கூடும். இரண்டும் 3,600 ரூபாய். எச்610 வகை மதர்போர்டு 6,500, 500 ஜி.பி. கொள்ளும் எஸ்.எஸ்.டி. 2,800, முன்புறம் வலைபோல் இருந்து காற்றை உள்ளே விடும் கேபினெட் 2,800. அதில் ஒளிரும் விளக்கு ஒன்றுகூட இல்லை.

எவரும் பார்க்காத பாகம்

இனி எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுவது அதுவே. கேபினெட்டின் மூலையில் மறைந்திருக்கும். விளையாட்டின் வேகத்தை ஓர் இம்மியும் கூட்டாது. ஆதலால் பணம் குறைந்தால் முதலில் அதன் தலையில்தான் கை வைப்பார்கள்.

மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். கார்டுக்கு 132 வாட். பிராசஸருக்கு அதிக அளவாக 89 வாட். மற்றவற்றுக்கு 50, 60 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 300-ஐ எட்டவில்லை. ஆகவே நம்பகமான 450 வாட் போதும். பிற்காலத்தையும் கருதி 550 வாட் எழுதியிருந்தான். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை கொண்டது. விலை 4,000 ரூபாய். "மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே இந்த முத்திரை சொல்லும். மின்னழுத்தம் ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறதா, எத்தனை ஆண்டு வாரண்டி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்" என்று விளக்கினான். அத்துடன் வீட்டு மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தோம், அந்தப் பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை!

ரிச்சி தெருவில்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்கு இருவரும் போனோம். தோளோடு தோள் உரசும் கூட்டம். நான்கு கடைகளில் விலை கேட்டோம். கடைசிக் கடையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு அந்த இளைஞர் சொன்னார்: "சார், இந்த எஸ்.எம்.பி.எஸ்.க்குப் பதில் 1,500 ரூபாயில் ஒன்று தருகிறேன். மிச்சத்தில் லைட் வைத்த கேபினெட் எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கும் சந்தோஷமாக இருக்கும்."

நேர்மையாகச் சொல்கிறேன், வாசகர்களே! ஒரு கணம் என் மனம் அந்த விளக்கின் பக்கம் சாய்ந்தது. பிறகு மகனின் முகத்தைப் பார்த்தேன். அவன் எதுவும் பேசாமல் நின்றான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 'குறுக்கே பேசாதே' என்று நான் சொன்னதை அவன் மறக்கவில்லை என்று தோன்றியது. "நீ சொல், தம்பி. என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "தாளில் இருக்கிறபடியே வாங்கலாம், வாப்பா" என்றான். அப்படியே வாங்கினோம். மொத்தம் 48,700 ரூபாய். ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண் குறித்த முறையான பில் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அவனே பாகங்களைப் பூட்டினான். நான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் மானிட்டரின் வயரைச் செருகும் பெருமையை எனக்கு அளித்தான். பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது, திரை இருட்டாகவே இருந்தது. துணைவியாரின் முகம் வாடியது. என் உள்ளங்கை வியர்த்தது. மகன் பின்புறம் எட்டிப் பார்த்துச் சிரித்தான். நான் வயரை மதர்போர்டின் வாயில் செருகியிருந்தேன்! 'எஃப்' எழுத்தின் பாடத்தை நான்கு இரவு படித்தும் தேர்வில் தவறிவிட்டேன். வயரைக் கார்டில் மாற்றிச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேட்காத ஒரு சிரிப்பொலி அன்று கேட்டது.

நிறைவாக

கணிப்பொறி கூடத்திலேயே இருக்கிறது. அறைக் கதவுக்குப் பின்னால் இல்லை. விளையாட்டுக்கு நேரம் உண்டு. தொழுகைக்கும் படிப்புக்கும் உரிய நேரத்தை அது தொடுவதில்லை. வேலைக்கு உழைத்துத் தன் பணத்தையும் போட்டு வாங்கியவன் என்பதால், அந்தக் கட்டுப்பாட்டை அவனே காத்தான். கல்லூரிப் பாடங்களையும் அதிலேயே முடித்தான்.

நான் எழுதிய விலைகள் 2023-ஆம் ஆண்டுக்குரியவை. அவற்றை அப்படியே நம்பிக் கடைக்குச் செல்ல வேண்டாம். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ராமின் விலை பன்மடங்கு ஏறியது. அப்போது கட்டடங்களின் முப்பரிமாணப் படங்கள் வரையப் பழகிக்கொண்டிருந்த என் மகள், ராமைக் கூட்ட வேண்டுமென்று ஒரு தாள் எழுதி வந்தாள். நான் கண்ணாடியை அணிந்துகொண்டு வரி வரியாகப் படித்தேன். கீழே அவளே எழுதியிருந்தாள்: 'விலை இறங்கும் வரை இருப்பதே போதும்.'

விலைகள் மாறும், பாகங்களின் பெயர்களும் மாறும். எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்ற பகுத்தறிவு மாறாது. உங்கள் பிள்ளை ஒரு தாளை நீட்டினால், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடாதீர்கள். அவனருகில் அமர்ந்து படியுங்கள். அந்தப் பழைய தாள் சலவையில் கரைந்து போயிற்று. அதில் அவன் என்ன எழுதியிருந்தான் என்று இன்றுவரை நான் அவனைக் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கு இல்லை.