இடக்கைக் கத்தி

கஜா புயல் கரையேறிய 2018 நவம்பர் 16 அன்று, கீரமங்கலத்துக்கு அருகே எங்கள் கொல்லையில் அப்பா ஒட்டுக்கட்டி வளர்த்த பலாமரம் சாய்ந்தது. தென்னைகள் எத்தனையோ விழுந்தன. அவற்றைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். இந்த ஒரு மரத்தை அம்மா மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வேர் மண்ணுக்குள் இருந்ததால் அடிமரம் துளிர்த்தது. பிறகு அதுவும் சிறிது சிறிதாகப் பட்டுக்கொண்டே வந்தது. சென்ற ஆண்டு ஒட்டுக்குத் தகுந்த குச்சிகள் ஐந்துதான் தேறின. அப்பா இல்லை. அவருடைய மடக்குக் கத்தியும் புயலுக்குப் பின் அகப்படவில்லை.

மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஒட்டுக்கத்தி ஒன்று வீட்டில் இருந்தது. ஐரோப்பியத் தொழிற்சாலையில் செய்தது. விரித்தால் 'டக்'கென்று நிற்கும். மடக்கினால் அலகு பிடிக்குள் பிசகாமல் அமரும். எளிதில் துருவேறாது. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் குச்சியைச் சீவினேன். வெட்டு அலையலையாகப் போயிற்று. குச்சியை ஆப்புப்போல் இருபுறமும் ஒரே இழுப்பில் சீவிக் கன்றின் பிளவில் செருகவேண்டும். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் குச்சி கருகிவிடும். கருகிற்று. இரண்டாவதும் அப்படியே.

மரத்தில் மீதி மூன்று.

சாணை பிடிக்கலாமென்று ஆலங்குடி சாலையிலுள்ள கொல்லுப்பட்டறைக்குப் போனேன். ஆசாரி அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"தம்பிக்கும் அப்பா மாதிரி நொட்டாங்கைதானே? இது சோத்தாங்கைக் கத்தி."

இத்தகைய ஒட்டுக்கத்தியில் ஒரு முகம் மட்டமாகவும் மறுமுகம் சரிவாகவும் இருக்கும். மட்டமான முகம் குச்சியோடு படிந்து சென்றால்தான் வெட்டு நேராகும். இடக்கையில் பிடித்தால் சரிவு முகம் குச்சிப்பக்கம் வந்து, அலகை நிலைகொள்ள விடுவதில்லை. ஐம்பது வயதுவரை இடக்கைக்காரனாக வாழ்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. (இடக்கைக்கும் தொழிற்சாலைகள் செய்கின்றன. மைத்துனர் யாருக்கென்று சொல்லியிருக்கமாட்டார்.) அப்பாவின் கத்தியைச் செய்தவர் இந்த ஆசாரியின் தகப்பனார். முகத்தை மாற்றித் தீட்டச்சொல்லி அப்பா மன்றாடியதை, சிறுவனாகத் துருத்தி ஊதிக்கொண்டிருந்த இவர் கேட்டிருக்கிறார்.

புதிது செய்துதர அவர் உடனே இசையவில்லை. அரிவாளுக்கு லாரிப் பட்டை போதும், மடக்குக் கத்தி பெரிய சங்கடம் என்றார். கடைசியில் தேய்ந்த அரம் ஒன்றைக் காய்ச்சி அடித்தார். அரத்தின் எஃகில் கரி அதிகம்; கூர் நிற்கும். ஆனால் தோய்த்தபின் கண்ணாடிபோல் ஒடியும். ஆகவே மறுபடி இளஞ்சூட்டில், வைக்கோல் நிறம் ஓடும்வரை காட்டினார்.

கைவேலை என்றதும் உருகிவிடுகிற வழக்கம் எனக்கில்லை. பிரான்சில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி இன்று தொழிற்சாலைப் பண்டம்தான். 1955இலேயே அதற்கு அலகைப் பூட்டும் வளையம் வந்துவிட்டது. ஆசாரியின் கத்தியில் பூட்டு இல்லை. தறையாணி லேசாக ஆடுகிறது. பலாப்பால் பட்டால் தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கவேண்டும். ஒருநாள் மறந்தேன், துரு. மடக்கும்போது விரலிலும் ஒருமுறை வாங்கினேன்.

மூன்று குச்சிகளையும் அதைக்கொண்டே சீவினேன். ஒன்று கருகியது. இரண்டு துளிர்த்தன. அம்மா அவற்றுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆடு வராமல் பார்த்துக்கொள்கிறாள். தொழிற்சாலைக் கத்தியை மகள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வலக்கை.