தம்மை விட்ட கதை (இன்னும் முடியலை)

மூணு வருசம் முன்னாடி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். 48 நாள். ஒரு தம் கூட கிடையாது. பெரிய கஷ்டமும் தெரியலைங்க. மலையிலேர்ந்து வந்து மாலையைக் கழட்டின அரை மணி நேரத்துல, பெட்டிக்கடை வாசல்ல தொங்குற கயித்துல பத்த வச்சுக்கிட்டு நிக்கிறேன். கடைக்கார அண்ணாச்சி "என்ன சாமி, நல்ல தரிசனமா?"ன்னு கேட்டாரு. அந்த 'சாமி'யில சுருக்குன்னுச்சு.

நிகோடினுக்கான உடம்போட தவிப்பு முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சத்துல இருக்கும், சில வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். அப்படின்னா 48 நாள் கழிச்சு என்னை அங்க இழுத்துட்டுப் போனது எது?

இந்தக் கேள்வியை ரெண்டு வருசம் தள்ளிப் போட்டேன். அப்பாவைப் பாத்த பிறகு முடியலை. முப்பது வருசம் பீடி குடிச்சவர். இப்ப மாடிப்படியில பாதியில நின்னு செல்போனைப் பாக்குற மாதிரி நடிப்பாரு. மூச்சு வாங்குறது எனக்குத் தெரியக் கூடாதாம். நான் தம் அடிக்கிறது அவருக்குத் தெரியாதுன்னு நானும் நடிச்சுக்கிட்டு இருந்தேன்.

சிகரெட் பாக்கெட்டு மேலயே ஒரு நம்பர் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? 1800-11-2356. இலவசம்தான். ஒரு நாள் கூப்பிட்டுட்டேன். பேசின அம்மா அட்வைஸ் எதுவும் பண்ணலை. "ஒரு வாரம் விட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் எப்ப, எங்க, யார்கூடன்னு எழுதுங்க"ன்னாங்க. நமக்கு எக்செல் சொல்லித் தரணுமா :-) ஒரு நாளைக்குச் சராசரி 11. அதுல நிஜமாவே வேணும்னு அடிச்சது மூணு. மீதி எட்டும், பில்ட் ஓடுறப்ப, மீட்டிங் முடிஞ்சதும், டீ கையில வந்ததும், நண்பன் எந்திரிச்சுப் போனா கூடவே. கை தானாப் போகுது. மாலை போட்டப்ப டீக்கடைப் பக்கமே போகலையே, அதான் கஷ்டம் தெரியலை!

அப்புறம் ஒண்ணு முயற்சி பண்ணேன். மொட்டை மாடியில தனியா, போன் இல்லாம, ஒரு சிகரெட்டை முழு கவனத்தோட அடிச்சுப் பாத்தேன். பத்து வருசமா இதையா ருசின்னு நினைச்சேன்? நனைஞ்ச நியூஸ்பேப்பரை எரிச்ச மாதிரி ஒரு நாத்தம்.

ஆலன் மார்லட்னு அமெரிக்க உளவியலாளர் ஒருத்தர், ஆசையை அலை மாதிரி பாருன்னு சொன்னவர். சண்டை போடாதே, அமுக்காதே, ஏறி இறங்குற வரைக்கும் கவனி. அவரும் சாரா போவனும் 2009-ல கல்லூரி மாணவர்கள்கிட்ட இதைச் சோதிச்சாங்க. கத்துக்கிட்டவங்களுக்கு ஆசை ஒண்ணும் பெருசா குறையலை, ஆனா அந்த வாரம் அடிச்ச சிகரெட் குறைஞ்சது. எனக்கு இது பெரிய ஆறுதல். ஆசை போனாத்தான் விட முடியும்னு இத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒரேயடியா புகழவும் கூடாது. 2011-ல ஜட்சன் ப்ரூவர் குழு 88 பேர்கிட்ட பண்ண ஆய்வுல, 17-வது வாரம் கவனப் பயிற்சி எடுத்தவங்கள்ல 31% பேர் தம் இல்லாம இருந்தாங்க, வழக்கமான பயிற்சி எடுத்தவங்கள்ல 6%. ஆனா 2022-ல காக்ரேன் குழு 21 ஆய்வுகளை அலசிட்டு, மத்த முறைகளை விட இது மேல்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னுட்டாங்க. நிகோடின் சூயிங்கம், மாத்திரையெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுச் சேத்துக்கலாம், தப்பே இல்லை.

இன்னிக்கு 74-வது நாள். நடுவுல ஒரு கல்யாண ராத்திரி சறுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு. எக்செல்ல அதையும் போட்டிருக்கேன், 74-ஐ அழிக்கலை. டீக்கடைக்கு நண்பன்கூட இப்பவும் போறேன், கையில கடலை மிட்டாய். அவன் காத்து பாத்துத் தள்ளி நிக்கிறான் பாவம்.

போன ஞாயித்துக்கிழமை அப்பாவோட மாடி ஏறினேன். வழக்கமான படியில நின்னாரு. எனக்கும் சரியா அப்பத்தான் நெஞ்சுக்குள்ள அந்த அரிப்பு ஆரம்பிச்சுது. நானும் நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு "விட்டுட்டியாடா?"ன்னாரு, போனைப் பாத்துக்கிட்டே.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுப்பா."

"ம்"னுட்டு அடுத்த படியில காலை வச்சாரு.