ஈரக் கைக்கு ஒரு பொத்தான்

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கு 'ரேஞ்ச்' என்பது இரண்டு மார்க் கேள்வி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது நாமெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். மரங்கள் சாய்ந்ததும், நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் ஞாபகம் இருக்கும். தூத்தூர்ப் பகுதிப் படகுகளோ அதற்கு முன்பே தங்குகடலுக்குப் போய்விட்டன. சுறாவுக்கும் சூரைக்கும் போனால் திரும்ப வாரக்கணக்காகும். பிறகு கரையில் மைக் வைத்துச் சொல்லி என்ன பிரயோஜனம்? படகிலுள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது; பூமியின் வளைவைத் தாண்டாது. சில பத்து கிலோமீட்டரோடு சரி. அவர்கள் இருந்ததோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். எத்தனையோ பேர் திரும்பவேயில்லை.

அதன்பின் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. விமானங்களுக்காக அமைத்த 'ககன்' செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் செய்தியை வாங்கி, ப்ளூடூத்தில் செல்போனுக்குத் தரும். கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒருவழிப் பாதை! 'நான் இங்கே மாட்டிக்கிட்டேன்' என்று படகிலிருந்து சொல்ல வழி கிடையாது. 1 லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி தரும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ல்தான் தொடங்கினார்கள். ஒக்கி போய் ஏழு வருஷம் ஆகப் போகிற நேரம்.

எங்கள் பேட்ச் நாலு பேரும் புராஜெக்ட்டுக்கு இதையே எடுத்தோம். ஆபத்துச் செய்தி அனுப்ப படகில் எப்படிப்பட்ட பொத்தான் வேண்டும் என்று கேட்க, கூடப் படிக்கும் நண்பனின் அப்பாவிடம் போனோம். முப்பது வருஷம் கடலில் கிடந்தவர். சர்க்யூட் படத்தை நீட்டினோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"மக்கா, ராத்திரி தூண்டில் வலிக்கும்போ கையில உப்புத் தண்ணியும் செதிலுமா இருக்கும். அப்போ இந்த டச்சு போனு சொன்ன பேச்சு கேக்குமா?"

அலாரம் உண்டு என்றோம். "இஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? கண்ணுல அடிக்கிற மாதிரி லைட்டு வைங்க. பொறவு, காத்து மணிக்கு இத்தன கிலோமீட்டர்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லுங்க."

இந்த மூன்றும் எந்த செமஸ்டர் சிலபஸிலும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

இப்போது உள்ளங்கையால் அடித்தாலே வேலை செய்கிற பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று செய்திருக்கிறோம். உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுத் தினமும் அமுக்கிப் பார்த்தோம். பன்னிரண்டாம் நாள் ஸ்பிரிங் துருப்பிடித்தது. ரப்பர் மூடி போட்டு மறுபடி வாளியில் போட்டிருக்கிறோம். லேபுக்கு வருகிற ஜூனியர்களே, அழுக்குத் தண்ணி என்று நினைத்து அதைக் கொட்டிவிடாதீர்கள்.