முந்நூற்று நான்கும் வாராத தாள்களும்

கடதாசி விளையாட்டு என்றவுடன் முகஞ் சுளிக்கும் அன்பர்கள் உளர். திருவள்ளுவர் பொருட்பாலிலே சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். தருமனும் நளனும் பட்ட பாட்டை யாம் இளமையிலேயே கேட்டு வளர்ந்தோம். ஆதலின், பொருள் வைத்தாடும் ஆட்டத்துக்கு யாம் பரிந்து பேச வரவில்லை. நல்லூரிலே, சங்கிலியன் தோப்புக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டு விறாந்தையில், புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து, நண்பர் மூவருடன் யாம் பல்லாண்டுகள் ஆடிய 304 என்னும் ஆட்டத்தைப் பற்றியும், அதனால் யாம் பெற்ற ஒரு தெளிவைப் பற்றியுமே இம்மலரில் எழுதத் துணிந்தோம். நால்வரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவருள் மூத்தவர் கணித ஆசிரியர். நல்லூர்க் கந்தன் கோயிலிற் கொடியேறிவிட்டால், திருவிழா நடைபெறும் 25 நாளும் கடதாசிக் கட்டு பெட்டியை விட்டு வெளிவராது என்பது அவர் வகுத்த விதி.

ஆட்டத்தை அறியாத இளைஞர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். இரண்டு முதல் ஆறு வரையுள்ள தாள்களை நீக்கினால் 32 தாள்கள் எஞ்சும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என மதிப்பு. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. பெயர்க்காரணம் இதுவே. கலாவரை, ஆடுதன் என நம்மவர் வழங்கும் இனப்பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தவை. 1658 தொடக்கம் 1795 வரை இங்கு ஆண்டவர்கள் கோட்டையையும் சட்டத்தையும் மாத்திரமன்றி இச்சொற்களையும் விட்டுச் சென்றனர்.

ஆட்டத்தின் உயிர்நிலை ‘கேள்வி’யில் இருக்கின்றது. முதலில் ஆளுக்கு நான்கு தாள்களே பகிரப்படும். அந்நான்கைக் கொண்டே, ‘இத்தனை எடுப்போம்’ என 160 முதலாகக் கேட்டல் வேண்டும். மிகுதியாகக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பின்னரே மற்றைய நான்கு தாள்களும் வரும். பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கு வாக்குக் கொடுக்கும் நிலை இது.

மேனாட்டார் ஆடும் போக்கர் ஆட்டத்திலும் இதே இக்கட்டு உண்டு. ஐந்து தாளில் நான்கு ஓரினமாக அமைந்து, ஒன்றை மாற்றி ஐந்தாவதையும் அவ்வினமாகப் பெற முயல்பவர், காணாத தாள்கள் 47 என்றும், அவற்றுள் உதவுவன 9 என்றும் அறிவார். ஏறக்குறைய ஐந்திலொரு தடவையே அவர் எண்ணம் கைகூடும். ஆகவே, தாம் இடவேண்டிய தொகையின் நான்கு மடங்குக்கு மேல் நடுவிலே குவிந்திருந்தாலன்றி, ஈடு கொடுத்துத் தொடர்வது நட்டம். எனினும் சிலவேளை ஈடு கொடுப்பதிலும் உயர்த்துவதே நன்று. எதிரி அஞ்சி விலகினால் அப்பொழுதே வெற்றி. விலகாவிடினும் வேண்டிய தாள் வரக்கூடும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்னும் அமெரிக்க ஆட்ட வல்லுநர் விரித்தெழுதிய இம்முறையை ‘அரை மிரட்டு’ எனத் தமிழிற் கூறலாம்.

இனி நம் மேசைக்கு வருவோம். கையிலே கலாவரையில் ஜாக்கி, ஒன்பது, ஏழு. நான்காவது வேறினத்துச் சிறு தாள். கேட்பதா, விடுவதா? ஆசிரியர் இதனைக் கரும்பலகைக் கணக்கைப் போலவே விடுவிப்பார். காணாத தாள்கள் 28. அவற்றுட் கலாவரை 5. நமக்கு வரும் நான்கிற் கலாவரை ஒன்றும் வாராதிருத்தல் நூற்றுக்கு 43. சரியாக ஒன்று வருதலும் அதே 43. ஒன்றுக்கு மேல் வருதல் ஏறக்குறைய 14. இனிப் பணயத்தை நோக்குக. 200க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒரு கொட்டை, தோற்றால் இரண்டு என்பது எம் மேசை வழக்கு. மூன்றில் இரு தடவை வென்றாலே கணக்குச் சரியாகும். ஆகவே, வரவிருக்கும் தாளை மாத்திரம் நம்பிக் கேட்பது அறியாமை.

ஆனால் அவர் அவ்வளவில் நிறுத்தார். மூன்று வினாக்களை எழுப்புவார். ஒன்றுமே வாராவிடினும் இருப்பது எவ்வளவு தாங்கும்? துணைவர் இன்னும் பேசாதிருக்கின்றாரா, அன்றி விட்டுவிட்டாரா? நாம் விட்டால் எதிராளி என்ன கேட்பார்? துணைவரின் எட்டுத் தாளும் காணாதவற்றுள் அடங்கும். நமக்கு வேண்டிய ஒரு தாள் நம்மிடமோ துணைவரிடமோ சேர்தல் ஏழில் மூன்று. எதிரிகளிடம் சேர்தல் ஏழில் நான்கு. எதிராளி 170 கேட்டுத் தயங்கும் குரலினராயின், ஒரேயடியாக உயரக் கேட்டு அவரை வாய்மூடச் செய்தல் பயன்தரும். அவர் உறுதியாளராயின், நாம் உயர்த்துவது அவருக்கு அச்சந் தராது. நமக்குப் பளுவை மாத்திரமே கூட்டும். இளைஞராயிருந்த எம்மை நோக்கி அவர் சொல்வது இதுதான்: “தம்பி, வாராத தாளுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை மாத்திரம் கொடு.”

1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலும் இவ்வாட்டம் நடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்து, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்கள் நால்வரும் சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் மீண்டுஞ் சந்தித்தோம். அங்கே எழுந்த வினா, கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குச் செல்வதா, இருந்த இடத்தில் இருந்து பார்ப்பதா என்பது. எம்மிடம் நடக்கவியலாத தாயார் இருந்தார்; மேலே ஏறக் கையிற் பொருளும் இல்லை. ஆசிரியருக்கோ படிக்கும் வயதில் இரு மைந்தர். கிளிநொச்சியில் உறவினர் வீடும் உண்டு. யாம் இருந்தோம்; அவர் கடந்தார்.

யாம் 1996இல் நல்லூர் மீண்டபோது விறாந்தைக்குக் கூரை இல்லை, சுவர் இருந்தது. அவருடைய மைந்தர் வவுனியா வழியாகக் கொழும்பு சேர்ந்து கற்று இன்று நன்னிலையில் உள்ளனர். அவர் 1999இல் வன்னியிலே காய்ச்சலால் மறைந்தார். நல்லூரை மீண்டுங் காணவில்லை. ‘அவர் போயிருக்கலாகாது’ என்போரும், ‘நீங்கள் போயிருக்க வேண்டும்’ என்போரும் எம்மிடம் வந்ததுண்டு. அவர்கள் எட்டுத் தாளையுங் கண்டபின் பேசுகின்றனர். நாங்கள் நான்கு தாளைக் கண்டு கேட்டவர்கள். அவர் தம் கைக்கு ஏற்பவும் யாம் எம் கைக்கு ஏற்பவும் கேட்டோம். பின்னர் வந்த தாளைக் கொண்டு முன்னர் கேட்ட கேள்வியைப் பழித்தல் முறையன்று. அவர் பிரிவை யாம் தாங்கியது இத்தெளிவினாலேயே.

இன்று இக்கல்லூரியிற் கற்கும் மாணவச் செல்வங்களும் பாடத்தெரிவு, தொழில், கடல் கடத்தல் என நான்கு தாளுடன் கேட்க வேண்டிய நிலையிலேயே நிற்கின்றனர். அவர்கள் கையிலுள்ளதை எண்ணுக. வரக்கூடியதை அளந்து மதிப்பிடுக. தோற்றாற் கொடுக்கவேண்டியதை முன்னரே அறிக. அதன்பின் தெளிந்த குரலிற் கேட்க. எண்ணக் கற்பித்த ஆசான்மாரை ஈந்த எம் கல்லூரி அன்னை, இவ்விழாவைப் போல் இன்னும் பல விழாக்கள் கண்டு நீடு வாழ்க.