ஆட்களோடு விற்கப்படும் வீடு

கொட்டாஞ்சேனையிலே ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் ஒருவர் அறிவித்தபோது, நாம் பத்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும் வங்கி தரக்கூடிய கடனையும் ஒரு காகிதத் துண்டிலே கூட்டிப் பார்த்தோம். வாடகை வீட்டிலே வாழும் ஆசிரியனுக்குச் சொந்த வீடு என்பது வெறும் சுவரும் கூரையுமன்று. ஒப்பந்தம் முடியும் மாதத்திலே ஆண்டுதோறும் நெஞ்சை அழுத்தும் அச்சத்திலிருந்து பெறும் விடுதலை. அந்த ஆசையோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம்.

கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அண்டி வளர்ந்த பகுதி. புனித லூசியாள் பேராலயம், தீபதுத்தாராமய விகாரை, பொன்னம்பலவாணேசுவரர் கோயில் ஆகியவற்றை ஒரு மாலைப் பொழுதிலே நடந்தே பார்த்துவிடலாம். பள்ளிவாசல்களும் தொலைவில் இல்லை. ஆயினும் இவ்வயல் எப்பொழுதும் அமைதியாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1883ஆம் ஆண்டிலே பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டதும் இங்கேதான். பல இனத்தார் கலந்து வாழ்தல் என்பது தானாக வாய்ப்பதன்று. பலமுறை பிழைவிட்டுக் கற்றுக்கொள்ளும் பாடம்.

நாம் பார்க்கச் சென்ற வளவு ஆறு பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடியாதலால் முழுவதும் ஏறத்தாழ 1,633 சதுர அடிதான். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், ஓட்டுக் கூரை, பலகைத் தளமிட்ட மேல்மாடி. இதற்குள் நான்கு குடும்பங்கள். மேலே ஒரு கத்தோலிக்கத் தமிழ் மூதாட்டியும் மகளும். கீழே முன்னறையிலே ஒரு முஸ்லிம் தையற்காரர். அதன் பின்னே ஒரு சிங்களத் தச்சர். முற்றத்தை அடுத்த அறையிலே புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமை. நால்வருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே மலசலகூடம்.

"ஆக்களோட வாங்கினா ஒரு விலை, ஆக்களை எழுப்பித் தந்தா இன்னொரு விலை, சேர்" என்றார் தரகர். இரண்டாவது விலை முதலாவதின் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. கறையான், ஒழுக்கு என்பனபோல, வீட்டின் குறைகளுள் ஒன்றாகவே 'ஆக்கள்' என்ற சொல் அவர் வாயிலே ஒலித்தது.

கதவைத் திறந்த சிறுவன் எம்மைக் கண்டதும் திகைத்து நின்றான். எமது வகுப்பிலே மூன்றாம் வாங்கில் இருக்கும் மாணவன், நாட்டாமையின் மகன். நாம் விருந்தினராக வந்ததாக எண்ணி ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தான். தரகர் சுவரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியபோது அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கதிரையிலே நாம் அமரவில்லை.

மேல்மாடியிலே மூதாட்டி வரவேற்றுத் தேநீர் தந்தார். மணமுடித்து வந்த நாள் முதல் அவருக்கு இதுவே வீடு. 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலே குண்டு வெடித்தபின், கீழே தையற்காரர் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததாம். "மூண்டு நாள் நானும் கதைக்கேல்லை, மாஸ்டர். கோவந்தான். நாலாம் நாள் அந்தப் பிள்ளை பசியிலே அழுதது மேல கேட்டுது. சோத்தைக் கொண்டுபோய் வாசல்ல வச்சிட்டு வந்தன்." அதன்பின் குழாயடிச் சண்டைகூட வழமைபோல் தொடங்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்காரரை நாம் கொடியவர் என்று சொல்லமாட்டோம். 1942இலே போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் ஏழைக் குடியிருப்பாளரைத் தெருவில் விடாது காத்தன; அதேவேளை, பழைய வாடகை ஓட்டை மாற்றவும் போதாமற் போயிற்று. காப்பாற்றப்பட்டவர்களின் தலைமேலேயே கூரை ஒழுகுகிறது. ஆனால் நிலத்தின் விலை மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. அவ்விலையை உயர்த்தியவர் யார்? துறைமுகத்திலும் சந்தையிலும் உழைத்து, இவ்வயலை நகரமாக்கியவர்கள். அவர்களுடைய உழைப்பால் ஏறிய விலையே இன்று அவர்களை வெளியேற்றும் கருவியாகின்றது.

நாம் அவ்வீட்டை வாங்கவில்லை. இதிலே பெருமை கொள்வதற்கு எதுவுமில்லை. நாம் விலகினால் வேறொருவர் வருவார்; அவர் மேல்மாடிக்கு ஏறித் தேநீர் அருந்தமாட்டார். தனி மனிதரின் கூச்சம் நான்கு குடும்பங்களைக் காக்காது. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை வகுத்தது. மிகையானவற்றை அவற்றிலே குடியிருந்தவரே வாங்க வழி திறந்தது. அச்சட்டத்தின் குறைகள் எவையாயினும், குடியிருப்பவனே முதலில் வாங்கத் தகுந்தவன் என்ற எண்ணம் நீதியானது. அவ்வெண்ணம் எமக்கு இன்றும் வேண்டும்.

மறுநாள் வகுப்பிலே அம்மாணவன் எம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அவனுடைய தந்தையும் தையற்காரரும் பாடசாலைக்கு வந்தனர். "நாங்க நாலு வீடும் சேந்து வாங்கக் கேட்டா என்ன, சேர்? ஆக்களோட விலைக்குத் தருவாரா? தவணையிலே கட்டுவம்" என்றார் நாட்டாமை. தருவாரா என்பது எமக்குத் தெரியாது. எனினும் கடிதம் எழுதினோம். தச்சர் அதைச் சிங்களத்திலும் எழுதுவித்தார். 'ஆட்கள்' என்ற சொல்லை நாம் அதிலே சேர்க்கவில்லை. நான்கு வீட்டாரின் பெயர்களையும் தொழில்களையும், எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள் என்பதையும் வரிசையாக எழுதினோம்.

இதை எழுதும்வரை மறுமொழி வரவில்லை. விளம்பரப் பலகை இன்னும் யன்னலிலே தொங்குகிறது.