சின்ன வாய் மீன்கள்

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. ரொறன்ரோ ஹைபார்க்கின் கிரனேடியர் குளத்தில், தூண்டில் போட அனுமதித்த கரையில் நாங்கள் நாலு பேர். கோப்பை கழுவி ஊறிய விரல்களால் சின்ன முள்ளில் மண்புழுத் துண்டு கொளுவுவோம். முழுப்புழு வீண், புளூகில்லுக்கு வாய் சின்னன். நாலு இறாத்தல் தங்கூசியும் விரலளவு மிதப்பும் போதும். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். விடியலும் மைமலும்தான் நல்ல நேரம்.

ஜூனில் கரையோரத் தண்ணீரில் கோப்பை கோப்பையாகக் கூடுகள் தெரியும். முட்டைக்குக் காவல் ஆண்மீன். அதைத் தூக்கினால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். பாதியில் விட்ட விலங்கியற்படிப்பில் எங்களுக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

கூட்டில் நிற்பதைப் பிடிப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு சட்டம். போட்டவர், பிள்ளைகளை வவுனியாவில் விட்டுவந்த அண்ணர். ஸ்பொன்சர் அலுவல் இன்னும் சரிவரவில்லை. தூண்டிலை ஆழப்பக்கம் எறிந்துவிட்டுக் கூடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மிதப்பு தாழ்வதை நாங்கள்தான் சொல்லவேண்டும்.